நெட்ராவின் இருபது நிமிடம்

நான் பட்டம் வாங்கிய அன்று மத்தியானம், வெர்ல் சித்தப்பா ஓட்டல் மேசைமேல் ஐந்து ஒற்றை டாலர் நோட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்தார். நெட்ரா பீக்லரை நான் முதன்முதலில் பார்த்தது அந்த ஐந்து நோட்டுகளுக்கு மேலேதான்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவன் நான் ஒருவன். எங்கள் பெல் க்ரீக், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துத் தெற்கு மூலையில், சோளம், சோயா, பன்றி என்ற மூன்றைத் தவிர நாலாவது பேச்சில்லாத ஊர். அதனால் அன்றைக்குப் பட்டமளிப்பு அங்கியைக் கழற்ற மனசே வரவில்லை. அதைப் போட்டுக்கொண்டே நெடுஞ்சாலையோரத்து ஸ்ட்ரிக்லர் ஓட்டலுக்குள் நுழைந்தேன். பின்னால் அப்பா, அம்மா, சித்தப்பா, அவர் பிள்ளைகள் என்று பதினோரு பேர்.

"இங்க பாரும்மா," என்றார் சித்தப்பா, எங்கள் மேசைக்கு வந்த பெண்ணிடம். "இந்த அஞ்சும் உன்னோட டிப்ஸ். ஒரு தப்புப் பண்ணினா ஒண்ணு என் பைக்குத் திரும்பிடும். மிச்சம் இருக்கிறது உனக்கு. சரியா?"

அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். நோட்டுகளைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். இப்படிப்பட்டவர்களை வாரத்துக்கு இரண்டு பேர் பார்க்கிற முகம் அது.

"நல்லாப் புரிஞ்சுது கண்ணு. குடிக்க என்ன கொண்டுவரட்டும்?"

தேநீரில் எலுமிச்சைத் துண்டு இல்லை என்று ஒரு நோட்டு போனது. ரொட்டி ஆறிவிட்டது என்று இன்னொன்று. சின்னவன் பாலைக் கொட்டினான். துடைக்க வருவதற்கு நேரமாகிவிட்டதாம், மூன்றாவது. என் தம்பி முறைக்காரன் கோழி சொல்லிவிட்டு, வந்த பிறகு இறைச்சி வடை கேட்டான். அதற்கும் அந்தம்மாள்தான் நஷ்டப்பட்டார். ஒவ்வொரு நோட்டு எடுக்கும்போதும் மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

கடைசியில் ஆப்பிள் பணியாரத்தோடு வந்தவர், சித்தப்பாவின் தொப்பியில் இருந்த தீவனக் கம்பெனிப் பெயரைப் பார்த்துக் கேட்டார்: "பன்னி வளக்கிறீங்களா?"

"நானூறு உருப்படி," என்றார் சித்தப்பா பெருமையாக.

"தீவனம் போட்டப்புறம், ஒண்ணு உறுமிச்சுன்னா ஒரு பிடியத் திரும்ப அள்ளிக்குவீங்களா?"

"அதெப்படி அள்ளுறது? எடை ஏறாதே!"

"அதானே பாத்தேன்," என்று தட்டை வைத்துவிட்டு நகர்ந்தார்.

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. சித்தப்பாவின் கழுத்து சிவந்தது. முதலாளியைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். டேல் ஸ்ட்ரிக்லர் வந்து, என்ன ஏது என்று விசாரிக்காமல், பதினோரு பேர் முன்னால் அந்தம்மாளை மன்னிப்புக் கேட்க வைத்தான். அவரும் கேட்டார். ஐந்தாவது நோட்டும் சித்தப்பாவின் பைக்குள் போனது.

காரில் ஏறும்போது எனக்கு அங்கி கழுத்தை அறுத்தது. தொப்பியை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லித் திரும்பிப் போய், பத்து டாலரை நீட்டினேன்.

"உன் சித்தப்பன் கடனை நீ ஏன் கட்டுற?" என்றார். ஆனால் நோட்டை வாங்கிக்கொண்டார். "மானம் வேற, பெட்ரோல் வேற கண்ணு. ஆமா, என்ன படிச்சிருக்க?"

"கணக்கியல், மிஸ் நெட்ரா." சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"அப்போ இதப் படிச்சுச் சொல்லு." ஏப்ரன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். சம்பளச் சீட்டு. இரண்டு வாரம், எழுபத்தெட்டு மணி நேரம். கீழே, கைக்கு வரும் தொகை: பூஜ்யம் டாலர், பூஜ்யம் சென்ட்.

"அச்சுப் பிழையா இருக்கும்," என்றேன்.

"இருபத்தாறு வருஷமாவா?" என்று சிரித்தார்.

அச்சுப் பிழை இல்லை. டிப்ஸ் வாங்குகிறவருக்கு முதலாளி மணிக்கு இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட் கொடுத்தால் போதும். நான் பிறப்பதற்கு முன்னால் நிர்ணயித்த தொகை. நாட்டில் மற்றவர்களுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி ஏழேகால் டாலர். அந்த வித்தியாசத்தை மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் போட்டு நிரப்பிவிடுவார்கள் என்பது கணக்கு. அப்படி நிரப்பியதற்கும் வரி உண்டு. அந்த இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்டை வரியே தின்றுவிடும். நாலு வருடம் கணக்கியல் படித்தேன். என் பாடப் புத்தகத்தில் 'கூலிச் செலவு' என்று ஒரு தலைப்பு உண்டு. அந்தச் செலவை எடுத்து வெர்ல் சித்தப்பாவின் பைக்குள் வைக்கலாம் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. ஒரு மனுஷியின் கூலியை, கிராமத்துப் பன்றிக்காரர் ஒருவருக்கு அன்றைக்கு ரொட்டி சூடாக இருந்ததா என்பது தீர்மானிக்கிறது.

அந்தக் கோடையில் ஊரிலேயே வரிக் கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. மத்தியானச் சாப்பாடு ஸ்ட்ரிக்லரில், நெட்ராவின் மேசையில். அப்படித்தான் அவர் கதை துண்டு துண்டாக எனக்குத் தெரிந்தது.

நெட்ராவின் அப்பா சுண்ணாம்புக்கல் குவாரித் தொழிலாளி. புருஷன் கேரி ஒரு நாள் லாரியோடு கென்டக்கி பக்கம் போனவன், லாரியை மட்டும் திருப்பி அனுப்பினான். "அதுவும் தவணை பாக்கியோட," என்பார். மகள் ஷானாவுக்கு அப்போது மூன்று வயது. அந்த வாரமே ஸ்ட்ரிக்லரில் சேர்ந்தார். இடது கையில் நாலு தட்டு, வலது கையில் காபிக் குடுவை, வாயில் பதினாறு பேர் சொன்ன சாப்பாடு. சீட்டில் எழுதிப் பார்த்தவரில்லை. யாருக்குக் கடலை ஆகாது, யாருக்குச் சர்க்கரை, எந்தக் கிழவருக்குப் பல் வலி, எல்லாம் அத்துப்படி. இதைத் திறமை என்று யாரும் சொல்வதில்லை. 'சிரிச்ச முகம்' என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து கூட்டம் வரும். ஒரு மேசைக்காரர்கள் தட்டுக்கடியில் மடித்த இருபது டாலர் நோட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் இருக்கும்போதே நெட்ரா அதைப் பிரித்தார். வெளியே தெரிந்த பாதிதான் நோட்டு மாதிரி அச்சு. உள்ளே, 'பணத்தைவிட மேலான பரிசு ஒன்று உனக்குக் காத்திருக்கிறது' என்று வேத வசனம் அச்சடித்திருந்தது.

"சொர்க்கத்துக்கு டிக்கெட் குடுத்துட்டாங்க," என்றார். "அங்க போய்ச் சேர பெட்ரோலுக்குத்தான் வழியக் காணோம்."

இதெல்லாம்கூடச் சில்லறை அநியாயம். பெரிய அநியாயம் ஆள் வராத நேரத்தில் நடந்தது.

ஓட்டல் திறப்பது பதினோரு மணிக்கு. நெட்ரா வேலைக்கு வருவது பத்துக்கு. மேசை, நாற்காலி, ஜன்னல் துடைப்பது, பனிக்கட்டி இயந்திரத்தைச் சுரண்டுவது, சாஸ் புட்டிகளை நிரப்புவது, கழிப்பறை கழுவுவது. கூட்டம் அடங்கியதும் கரண்டிப் பொட்டலம். முள்கரண்டி, கத்தி, ஸ்பூன் மூன்றையும் வினிகர் போட்டுத் துடைத்து, தடித்த டிஷ்யூ தாளில் சுருட்டி, காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். ஒரு ஆள் நூற்றைம்பது பொட்டலம் உருட்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. இந்த நேரத்தில் ஓட்டலில் டிப்ஸ் வைக்க ஒரு ஈ காக்கை கிடையாது. கூலி அதே இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட். கழிப்பறை கழுவினால் கழிப்பறை டிப்ஸ் வைக்குமா?

நான் அலுவலகத்தில் விதிகளைத் தேடிப் படித்தேன். இப்படி எடுபிடி வேலை, மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு முழுக் கூலி தர வேண்டும் என்பது அன்றைக்கு இருந்த விதி. நெட்ராவிடம் சொன்னேன். அன்றைக்கே டேலிடம் போய்க் கேட்டுவிட்டார்.

"இது குடும்பம் நெட்ரா. குடும்பத்துல மணிக் கணக்குப் பாப்பாங்களா?" என்றான் டேல்.

"குடும்பம்னா ஒரு நாளாச்சும் நீ கக்கூஸ் கழுவியிருக்கணுமே டேல்."

அடுத்த வார அட்டவணையில் நெட்ராவுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஜன்னலோர மேசைகள் போய், கழிப்பறைக்குப் பக்கத்து நாலு மேசைகள் வந்தன. இருபத்தாறு வருடம் பழகிய வாடிக்கைக்காரர்கள் வேறொருவர் பக்கம் உட்கார்ந்து, அங்கிருந்து கையாட்டினார்கள்.

"மனுப் போடு," என்றார் என்னிடம். "என் உழைப்புக்கு ஏழேகால் டாலர் பெறுமா பெறாதான்னு எழுத்துல தெரிஞ்சாகணும் எனக்கு. பெறாதுன்னா அதையும் எழுத்துல குடுக்கட்டும்."

மத்திய அரசின் தொழிலாளர் துறைக்கு மனு எழுதினோம். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். எங்கள் வம்சத்தில் அரசாங்கத்துக்கு எழுதப்பட்ட, கெஞ்சாத முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தபாலில் சேர்த்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு ஆய்வாளர் வந்தார். ஆய்லர் என்று பெயர். மெலிந்த மனிதர், பழைய கோட்டு. நெட்ரா கேட்டுக்கொண்டதால் நானும் மேசையில் இருந்தேன். எதிரே டேல், கையில் ஒரு கட்டு அச்சுத்தாள்.

"இதப் பாருங்க சார்," என்றான். "வேலை முடிச்சுப் போகும்போது கம்ப்யூட்டர் கேக்கும், இன்னிக்கு எடுபிடி வேலை எவ்வளவு நேரம்னு. எல்லாமே இருபது நிமிஷம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ரெண்டு வருஷத்துல நானூத்தித் தொண்ணூத்தாறு நாள். எல்லாம் இந்தம்மா தன் கையால அழுத்தினது."

மனுவில் ஒன்றே முக்கால் மணி, இரண்டு மணி என்று எழுதியிருக்கிறோம். படித்தவன் நான், வெளியே போகும்போது ஏதாவது அழுத்துவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

"அழுத்தினீங்களா அம்மா?" என்று கேட்டார் ஆய்லர்.

"அழுத்தினேன்," என்றார் நெட்ரா. "இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த இருபது ஏற்கெனவே அங்க இருக்கும். 'சரி'ன்னு தட்டினாத்தான் வெளிய விடும். கால் வீங்கி நிக்கிறப்போ எவ படிச்சுப் பாப்பா?"

"மாத்த முடியாதா அந்த எண்ணை?"

டேல் முந்திக்கொண்டான். "தாராளமா மாத்தலாம் சார்."

அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ரோண்டா, இரண்டு குழந்தைக்காரி, நெட்ராவின் ஞாயிற்றுக்கிழமை கிடைத்தவள், துணியை நிறுத்தாமல் சொன்னாள்: "மாத்தணும்னா முதலாளியோட கார்டு போடணும். அது அவர் கழுத்துல தொங்குது."

தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆய்லர் அதை ஒரு பார்வை பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"அப்படியே இருந்தாலும் பொட்டலம் உருட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பேசிக்கிட்டே உருட்டுவாங்க சார் இவங்க," என்றான் டேல்.

நெட்ரா எழுந்தார். "ஆய்லர் சார், உங்களுக்கு அவசரமா?"

"இல்லம்மா."

"ரோண்டா, அந்தத் தொட்டியத் தூக்கிட்டு வா."

நூற்றைம்பது பொட்டலத்துக்கான கரண்டித் தொட்டி மேசைமேல் வந்து உட்கார்ந்தது. ஆய்லர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உப்புப் புட்டி மேல் சாய்த்து வைத்தார். நெட்ரா ஆரம்பித்தார். துடை, அடுக்கு, மூலையை மடி, உருட்டு, பட்டை ஒட்டு. விரல்கள் கோழி கொத்துவது போல ஒரே சீராகப் போயின. முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். பத்தாவது நிமிடத்தில் அது வேடிக்கையாக இல்லை. இருபதாவது நிமிடத்தில் தொட்டியில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. ஆய்லர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேணும்னே மெதுவாப் பண்றா சார்," என்றான் டேல்.

"அப்படியா? நீங்க கொஞ்சம் பண்ணிக் காட்டுங்க," என்றார் ஆய்லர், கிண்டல் இல்லாத குரலில்.

டேல் கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவனுடைய முதல் பொட்டலம் மேசையில் வைத்ததும் விரிந்துகொண்டது. இரண்டாவதில் ஸ்பூன் இல்லை, இரண்டு கத்தி.

"யாரக் குத்தப் போறீங்க முதலாளி?" என்றாள் ரோண்டா.

சமையல்கட்டு ஜன்னலில் இருந்து பெரிய சிரிப்பு ஒன்று வந்தது. நெட்ரா சிரிக்கவில்லை. உருட்டிக்கொண்டே இருந்தார். டேல் ஒன்பதாவதோடு எழுந்து, போன் வந்ததாகச் சொல்லிப் போய்விட்டான்.

ஐம்பத்தொரு நிமிடம். கடைசிப் பட்டையை ஒட்டிவிட்டு விரல்களை நீவிக்கொண்டார். "இருபத்தாறு வருஷத்துல இதுக்கு மேல வேகம் எனக்கு வராது சார். கக்கூஸையும் கழுவிக் காட்டட்டுமா?"

"வேண்டாம்மா," என்றார் ஆய்லர். "எழுதிக்கிறேன்."

எழுதினார். முடிவும் வந்தது: ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிய எடுபிடி நேரத்துக்கு முழுக் கூலி தரவேண்டும், ஸ்ட்ரிக்லரில் வேலை பார்த்த பதினோரு சர்வர்களுக்கும். ஏழேகால் டாலர் பெறும் என்று எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் சட்டம் இரண்டு வருடத்துக்கு மேல் பின்னால் போகாது. இருபத்தாறு வருடத்தில் இருபத்து நாலு வருடம் துடைத்த கழிப்பறையும் உருட்டிய பொட்டலமும் யார் கணக்கிலும் இல்லாமல் போயின. எத்தனை லட்சம் பொட்டலம் என்று ஒரு நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன், கோபத்தில் எண்கள் தெரியவில்லை.

காசோலை வந்த வாரம் டேல் சுவரில் அட்டவணையை ஒட்டினான். நெட்ராவின் பெயர் இருந்தது. அதற்கு நேரே ஏழு கட்டமும் வெறுமை. அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. வேலையை விட்டு நீக்கியதாக ஒரு வார்த்தை கிடையாது. "வியாபாரம் மந்தம்," என்று சிரித்தான். மந்தமாக இருந்ததென்றால் வாசலில் ஏன் அத்தனை கார்?

"இது பழிவாங்கல், மிஸ் நெட்ரா. இதுக்கும் மனுப் போடலாம்," என்று குதித்தேன்.

"போடலாம். ஜெயிக்கலாம். ஜெயிச்சா என்ன கிடைக்கும்? கழிப்பறைப் பக்கத்து நாலு மேசை." தன் ஏப்ரனை மடித்து அட்டவணைக்குக் கீழே இருந்த ஸ்டூலில் வைத்தார். "எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு கண்ணு. தெரிஞ்சப்புறம் ரெண்டு டாலருக்கு இங்க நின்னேன்னா அது என் தப்பு."

ரோண்டா பின்வாசல் வரை வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் கோபமும் இருந்தது. "உனக்கென்ன, மகள் வளந்துட்டா. நான் எங்க போக? இனிமே எல்லாரையும் இவன் குறுகுறுன்னு பாப்பானே."

"அதான் ஏழேகால் வாங்கிக் குடுத்துட்டேனே. அவன் பாத்தா பாத்துட்டுப் போறான். நீ அந்தக் கம்ப்யூட்டர மட்டும் படிச்சுப் பாத்துத் தட்டு," என்றார் நெட்ரா.

டிப்ஸ் வைப்பது நல்ல மனசு என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனசாகவே இருக்கட்டும். ஆனால் கூலி என்பது யாருடைய மனசிலும் இருக்கக் கூடாது; முதலாளியின் பெட்டியில் இருக்க வேண்டும். மனசை நம்பி ஒருத்தி வாடகை கட்ட முடியாது. இதை என் சித்தப்பாவிடம் சொன்னேன். "நாலு எழுத்துப் படிச்சதும் பெரிய மனுஷன் ஆயிட்டான்," என்றார். ஆமாம், ஆகிவிட்டேன். இதற்குக்கூடப் பயன்படாவிட்டால் அந்த எழுத்து எதற்கு?

ஸ்ட்ரிக்லரில் இப்போது சர்வர்கள் பொட்டலம் உருட்டுவதில்லை. உறையில் போட்ட பிளாஸ்டிக் கரண்டிகள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகின்றன. மேசைக்குச் சாப்பாடு கொண்டுவருவதற்கான கூலி இன்னும் இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்தான்.

நெட்ரா பீக்லருக்கு இப்போது வயது ஐம்பத்து நாலு. எங்கள் மாவட்டப் பள்ளிக்கூடத்தின் சமையல்கூடத்தில் நிரந்தர வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறார். மணிக்குப் பதினாலு டாலர் இருபது சென்ட், மருத்துவக் காப்பீடு உண்டு, மத்தியானம் இரண்டரைக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடுகிறார்.